மழை கீழே இருந்து மேலே: லிவிங்ஸ்டனுக்கு ஒரு வார இறுதி போய்வருவது எப்படி

எங்கள் ஒழுங்கையில் ஒரு சாம்பியா மாஸ்டர் இருந்தார். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்து ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போன ஆசிரியர்களில் ஒருவர். திரும்பி வந்து முப்பது வருடம் கழிந்தும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. பின்னேரத்தில் மதகில் இருந்து கதைக்கும்போது, அங்கே ஒரு இடத்தில் மழை கீழே இருந்து மேலே பெய்யும் என்பார். நாங்கள் பெடியள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு ஒழுங்கை திரும்பியதும் சிரிப்போம். ஒரு ஜூலை மாதம் அந்த மழையில் நானே தொப்பலாக நனைந்தேன். ஊருக்கு வந்து அவரிடம் சொல்ல அவர் இல்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

சாம்பியாவின் தலைநகர் லுசாக்காவில் அக்கா குடும்பம் இருக்கிறது, அத்தான் அங்கே கணக்காளர். மூன்று கிழமை நின்றதில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு லிவிங்ஸ்டனுக்குப் போய்வந்தேன். இதை எழுதுவதும் அதேபோல லுசாக்காவிலோ ஜோகன்னஸ்பேர்க்கிலோ சொந்தக்காரரிடம் போய் நிற்கப் போகிறவர்களுக்குத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வார இறுதிக்கென்று நேரே வெளிக்கிடுகிற விசர் வேலையை யாரும் செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன், கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேரவே எங்களுக்கு ஒரு இரவு போய்விடும்.

இடம் தெரியாதவர்களுக்கு: லிவிங்ஸ்டன் சாம்பியாவின் தெற்கு எல்லையில், சாம்பேசி ஆற்றங்கரையை ஒட்டிய ஊர். அங்கிருந்து 10 கிலோமீற்றரில் விக்ரோறியா அருவி. அருவிக்கு அந்தப் பக்கம் சிம்பாப்வே, அங்கே இருக்கிற ஊருக்கு அருவியின் பெயரேதான். ஊர்ச் சனம் அருவிக்கு வைத்த பெயர் மோசி ஓ துன்யா, இடி முழக்குகிற புகை என்று அர்த்தம். வெள்ளைக்கார மதபோதகரும் பயணியுமான டேவிட் லிவிங்ஸ்டன் 1855 நவம்பர் 16 அன்று வந்து பார்த்துவிட்டுத் தன் மகாராணியின் பெயரைச் சூட்டினார். அகலம் 1,708 மீற்றர், உயரம் 108 மீற்றர். உயரம் என்று பார்த்தால் எங்கள் பம்பரகந்தை 263 மீற்றர், அது பெரிது. ஆனால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இருந்து நல்லூருக்கு நடக்கிற வழியில் முக்கால்வாசி தூரத்துக்கு ஒரு ஆறு அப்படியே நிலவெடிப்புக்குள் விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள், அதுதான் விஷயம்.

முதலில் மாதம், பிறகுதான் மற்றதெல்லாம்

ஆட்கள் முதலில் ரிக்கெற் விலை பார்க்கிறார்கள், பிறகு ஹோட்டல் பார்க்கிறார்கள், ஆற்றைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். நேர்மாறாகச் செய்யவேண்டும். எந்தக் கரையில் நிற்பது, எதைப் பார்ப்பது, எதற்குக் காசு கட்டுவது எல்லாவற்றையும் அந்த மாதம் ஆற்றில் ஓடுகிற தண்ணீர்தான் தீர்மானிக்கிறது.

எங்கள் ஊரில் ஆறே இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும்தான் ஓடும். கார்த்திகை மழை பெய்தால் அடுத்தடுத்த நாட்களிலேயே கிணறு ஏறிவிடும், மழைக்கும் தண்ணீருக்கும் நடுவில் பெரிய இடைவெளி எங்களுக்குத் தெரியாது. சாம்பேசி அப்படியில்லை. அங்கே மழைக்காலம் நவம்பர் தொடங்கி மார்ச் மட்டும். ஆனால் அருவிக்கு வருகிற தண்ணீரில் பெரும்பங்கு தூரத்தில், சாம்பியாவின் மேற்கிலும் அங்கோலாவிலும் பெய்தது. அது பரோட்சே என்ற சமவெளியில் கடல்போலப் பரந்து கிடந்து ஆறுதலாக வடிந்து வர ஏப்ரல் ஆகிவிடும். லிவிங்ஸ்டனில் மழை விட்டு, வானம் நீலமாகி, வெய்யில் எறிக்கிற நேரத்தில்தான் அருவி நிறைகிறது. மழைக்காலம் முடிந்துவிட்டது, தண்ணீர் குறைந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் பிழைவிடுகிறார்கள்.

மார்ச் முதல் மே வரை போனால் அருவியைக் கேட்கலாம், உணரலாம், பார்ப்பது கஷ்டம். எழும்புகிற சாரல் முன்னால் வெள்ளைச் சீலை கட்டியதுபோல மறைத்துவிடும். ஜூன் நடுப்பகுதியில் இருந்து ஆகஸ்ட் வரை இரண்டு கரையிலும் வடிவாகத் தெரியும், மழையும் இல்லை, நுளம்பும் குறைவு. ஒக்ரோபர், நவம்பரில் வெய்யில் கொளுத்தும், சாம்பியாக் கரையில் பெரும்பகுதி கருங்கல் சுவர் மட்டும் நிற்கும். அந்த மாதத்தில் சாம்பியாப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு செலவழித்தோம் என்று வந்தவர்களை லுசாக்காவில் சந்தித்தேன், அவர்கள் எல்லைப் பாலத்தைத் தாண்டி சிம்பாப்வேப் பக்கம் போயிருந்தால் அப்போதும் பிரதான அருவி விழுவதைக் கண்டிருப்பார்கள். தண்ணீர் குறைந்த காலத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது: ஆகஸ்ட் பிற்பகுதியில் இருந்து ஜனவரி நடுப்பகுதி வரை, ஆற்றின் அளவைப் பொறுத்து, அருவி விளிம்பிலேயே இருக்கிற டெவில்ஸ் பூல் என்ற குழிக்குள் வழிகாட்டியோடு இறங்கிக் குளிக்க விடுவார்கள். நான் போனபோது அது மூடியிருந்தது, அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி.

என் தெரிவு ஜூலை. நல்லூர்த் திருவிழா முடியாமல் அசையமாட்டேன் என்கிறவர்கள் செப்டெம்பர் தொடக்கத்தில் போகலாம், அதிலும் பிழையில்லை, ஆனால் சாம்பியாக் கரையின் ஓரங்கள் அப்போது மெலியத் தொடங்கியிருக்கும்.

எந்தக் கரை?

மற்ற அருவிகளைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்போம். இது ஒரு ஒடுங்கிய நிலவெடிப்புக்குள் விழுகிற அருவி என்பதால், எதிரே இருக்கிற சுவரின் மேல், அருவியின் உச்சிக்குச் சமமாக நின்று பார்க்கிறோம். அந்த எதிர்ச்சுவரில் முக்கால்வாசி சிம்பாப்வேக்குள் இருக்கிறது. ஆகவே படம் போன்ற முழுக்காட்சி வேண்டுமென்றால் சிம்பாப்வே. தண்ணீருக்குக் கிட்டப் போகவேண்டும், நனையவேண்டும், கீழே இறங்கவேண்டும் என்றால் சாம்பியா. இரண்டையும் பாருங்கள், தங்குவதை லிவிங்ஸ்டனில் வையுங்கள் என்பதுதான் என் புத்தி. சிம்பாப்வேக் கரை ஊரில் அருவிக்கு நடந்தே போகலாம், வசதிதான், ஆனால் அது முழுக்க முழுக்கச் சுற்றுலாக்காரருக்காகவே நிற்கிற ஊர். லிவிங்ஸ்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், தையல்காரர், சந்தை, தொலைபேசி அட்டை விற்கிற பெடியள் என்று சாதாரண வாழ்க்கை ஓடுகிறது. 1935 வரை அதுதான் வட றொடீசியாவின் (சாம்பியாவின் பழைய பெயர்) தலைநகரம், பழைய விறாந்தைக் கட்டடங்கள் இன்னும் பிரதான வீதியில் நிற்கின்றன.

கடதாசி வேலை

எங்கள் குடும்பங்களில் ஒரே பயணத்தில் மூன்று நாட்டுக் கடவுச்சீட்டு வரும், ஆகவே ஒருவருக்குச் சரி என்றது மற்றவருக்கும் சரி என்று நினைக்கவேண்டாம். பிரித்தானிய, கனேடியக் கடவுச்சீட்டுக்காரருக்கு சாம்பியா சுற்றுலா விசா கேட்பதில்லை. சிம்பாப்வே நாடுகளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: விசா வேண்டாதவை, எல்லையில் விசா தருபவை, முதலே எடுத்துக்கொண்டு வரவேண்டியவை. இலங்கைக் கடவுச்சீட்டென்றால் ரிக்கெற் போட முதலே இரண்டு நாட்டுக் குடிவரவுத் திணைக்களத் தளங்களிலும் உங்கள் வகையைப் பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் சேர்த்து காசா யூனிவிசா என்று 50 டொலருக்கு ஒன்று இருக்கிறது, 30 நாள் செல்லும், ஆனால் அதுவும் பட்டியலில் உள்ள நாடுகளுக்குத்தான். அது கிடைக்காதவர்கள் சிம்பாப்வே போய்த் திரும்புவதாக இருந்தால் சாம்பியா விசாவை இரண்டுமுறை நுழையக்கூடியதாக எடுக்க மறக்கவேண்டாம். ஒருமுறை விசாவோடு பாலத்தைத் தாண்டிவிட்டால் திரும்பி வரும்போது புதிதாக எடுக்கவேண்டிவரும்.

விசா சரிவராதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சாம்பியா எல்லைக் காரியாலயத்தில் பாலத்துக்கு மட்டும் போய்வர ஒரு துண்டு தருவார்கள். அதைக் காட்டி இரண்டு நாட்டுக்கும் நடுவில் உள்ள பாலம் வரைக்கும் நடந்து போய்த் திரும்பலாம், சிம்பாப்வேக்குள் நுழைந்ததாகக் கணக்கில்லை. அந்தப் பாலம் 1905இல் கட்டி முடித்தது, எங்கள் யாழ்தேவிப் பாதை கொழும்போடு தொடுபட்ட அதே வருடம். ஆற்றுக்கு மேலே 128 மீற்றர். ரயில் பெட்டியில் சாரல் தெறிக்கிற மாதிரிக் கட்டவேண்டும் என்று ஆசைப்பட்ட, அந்தப் பக்கத்தைப் பிரித்தானியருக்குப் பிடித்துக் கொடுத்த செசில் றோட்ஸ் அதைப் பார்க்காமலே 1902இல் செத்துப்போனார். இப்போது பாலத்தின் நடுவில் நின்று, காலில் றப்பர்க் கயிறு கட்டி 111 மீற்றர் கீழே குதிக்கிறார்கள். நான் பார்த்ததோடு சரி.

மருந்து விஷயத்தில் விளையாடவேண்டாம்

இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழ் தந்தது. சாம்பியாவில் இருக்கிறது. மலேரியாத் தடை இயக்கம் வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்புக் குளிசையை இலவசமாகத் தருகிறது, அதன் தலைமையகம் நாரஹேன்பிட்டியில், மாவட்டங்களிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. கொழும்புக்கு ஓடமுதல் யாழ்ப்பாணத்தில் விசாரியுங்கள். எந்த நாடு, எத்தனை நாள், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தருவார்கள். குளிசையின் வகையைப் பொறுத்துப் போகமுதலே தொடங்கி, வந்தபிறகும் நாலு கிழமை போடவேண்டி வரலாம். வீட்டுக்கு வந்து சேர்ந்தாச்சு என்று நடுவில் நிறுத்துகிற ஆட்கள்தான் அதிகம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி வேறு கதை. நைரோபி, அடிஸ் அபாபா போன்ற இடங்களால் போய் அங்கே 12 மணித்தியாலத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் அடுத்த நாட்டில் அந்த அட்டையைக் கேட்கலாம். ஆகவே மலிவு ரிக்கெற் என்று நீண்ட இடைத்தங்கலைத் தெரிவுசெய்ய முதல் யோசியுங்கள். ஊசி பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுவார்கள், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னர் போடவேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

காசும் பையும்

டொலராகக் கொண்டுபோங்கள். தாள் புதிதாக, மடிப்பும் கிழிசலும் இல்லாமல் இருக்கட்டும். ஓரம் சற்று வெடித்த ஒரு இருபதை ஒருவரும் எடுக்கவில்லை, அது என்னோடு போய் என்னோடே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. ஒன்று, ஐந்து டொலர்த் தாள்கள் நிறைய வேண்டும், முக்கியமாக சிம்பாப்வேப் பக்கம் மாற்றுக்காசு கிடைப்பது அரிது. சாம்பியாவில் சாப்பாடு, டாக்சி, சந்தைக்கு அவர்களுடைய குவாச்சா, அதை அங்கே வங்கி இயந்திரத்தில் எடுப்பது இலகு. சிம்பாப்வே வீதியில் பெடியள் வந்து நூறு ரில்லியன் டொலர்த் தாள் வேண்டுமா என்று கேட்பார்கள். பகிடி இல்லை, 2009இல் அச்சடித்த உண்மையான தாள், இப்போது செல்லாது, நினைவுக்கு ஒன்று வாங்கலாம்.

மின்செருகி எங்களுடைய சதுர மூன்று முள்ளுத்தான், மாற்றி தேவையில்லை. வாகனமும் எங்களைப்போல இடது பக்கம். நேரம் எங்களுக்கு மூன்றரை மணித்தியாலம் பிந்தி. மழை குறைந்த வருடங்களில் சாம்பேசியில் கட்டிய கரிபா மின்சார அணையில் தண்ணீர் இறங்கி மின்வெட்டு வரும், ஒரு பவர் பாங்க் வைத்திருங்கள், மின்வெட்டைப் பற்றி எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

ஜூலையில் போகிறவர்கள் சுவெற்றர் கொண்டுபோகாமல் போகவேண்டாம். ஆபிரிக்கா என்றால் வெய்யில் என்று நினைத்து மெல்லிய சேட்டோடு போன எனக்கு, விடிய ஆறு மணிக்குத் திறந்த ஜீப்பில் பல் கிட்டியது. நுவரெலியாவுக்கு வாங்கி அலுமாரியில் கிடப்பதை எடுத்துக்கொண்டு போங்கள். தவிர, வழுக்காத சப்பாத்து, தொலைபேசிக்குத் தண்ணீர் போகாத உறை, மாற்றுடுப்பு.

வெள்ளிக்கிழமை

லுசாக்காவில் இருந்து பஸ்சில் ஏறக்குறைய 475 கிலோமீற்றர், ஏழு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஒரு மணித்தியாலம்தான், காசிருந்தால் அதில் போங்கள், ஒரு முழுநாள் மிச்சம். ஜோகன்னஸ்பேர்க்கில் இருந்தும் நேரே பறக்கலாம். நான் பஸ். விடிய ஆறுக்கு என்று ரிக்கெற்றில் போட்டிருந்தது, பெயர் வேண்டாம், ஆள் நிரம்பி வெளிக்கிட ஏழரை. எங்கள் வவுனியா பஸ்சில் ஏறிப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. கஃபுவே ஆற்றைத் தாண்டினால் மசாபுக்காவில் கண்ணுக்கெட்டிய மட்டும் கரும்புத் தோட்டம், பிறகு மொன்சே, சோமா. எப்படியும் பகல் ஓட்டமாகப் பாருங்கள், இரவு ஓட்டம் வேண்டாம்.

போய்ச் சேர்ந்த அன்று அருவிக்கு ஓடவேண்டாம். வெளிச்சம் இருந்தால் ஆற்றுப் படகில் பொழுதுபடுகிறதைப் பாருங்கள். காசு கொடுத்துச் செய்கிற விஷயங்களில் எனக்கு முழுத் திருப்தி தந்தது அதுதான். அருவிக்கு மேலே ஆறு அகலமாக, சத்தமில்லாமல், குளம் மாதிரிக் கிடக்கிறது, இன்னும் சற்றுத் தூரத்தில் நூறு மீற்றர் கீழே விழப்போகிற ஆறு என்று நம்ப ஏலாது. நீர்யானைகள் காதையும் கண்ணையும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மூச்சை உஸ் என்று விடும். கரையில் கிடந்த மரக்குத்தி ஒன்று வாயைத் திறந்தபோதுதான் அது முதலை என்று விளங்கியது. இந்த ஆற்றில் எங்கேயும் கால் நனைக்க இறங்கவேண்டாம், கரையோரம் நின்று செல்ஃபியும் வேண்டாம்.

சனிக்கிழமை: சாம்பியாக் கரை

கதவு திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். நான் போனபோது நுழைவு 20 டொலர். வாசலில் மழைக்கோட்டு வாடகைக்குத் தருவார்கள், எடுங்கள், ஆனால் அது காப்பாற்றும் என்று நினைக்கவேண்டாம். நைஃப் எட்ஜ் என்கிற ஒடுங்கிய நடைபாலத்தில் ஏறினேன். முதலில் முகத்தில் பன்னீர் தெளித்த மாதிரி இருந்தது. பாலத்தின் நடுவுக்கு வந்ததும் பக்கவாட்டில் அடித்தது. பிறகு கோட்டுக்குக் கீழால், முழங்காலில் இருந்து மேலே, காற்சட்டைக்குள்ளே, நாடிக்குக் கீழே மழை ஏறியது. கிடங்கின் அடியில் மோதிய தண்ணீர் காற்றோடு திரும்பி எழும்பி வருகிறது, போக வேறு வழியில்லை, ஆகவே மேலே பெய்கிறது. மாஸ்டர் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. வெய்யில் முதுகுப்பக்கம் இருக்கிற நேரத்தில் காலடியில் வானவில் ஒரு முழு வட்டத்துக்குக் கிட்டவாகத் தெரியும், அதற்குத்தான் காலமை போகச் சொல்கிறேன். பூரணையை ஒட்டிய இரவுகளிலும் வாசலைத் திறந்துவிடுவார்கள், நிலவு வெளிச்சத்தில் வெள்ளையாக ஒரு வானவில் விழும். தண்ணீர் கூடிய மாதங்களில் பயணத்தைப் போயா கணக்கில் போட்டால் அதையும் பார்க்கலாம்.

உடுப்புக் காய முதலே பொயிலிங் பொட் என்ற இடத்துக்குக் கீழே இறங்குங்கள். கல்லும் வேருமாக அரை மணித்தியால இறக்கம், ஏறும்போது மூச்சு வாங்கும், முழங்கால் வருத்தக்காரர் விட்டுவிடலாம். அடியில் ஆறு சுழன்று திரும்பி அடுத்த பள்ளத்தாக்குக்குள் போகிறது, தலைக்கு மேலே அந்த 1905ஆம் ஆண்டுப் பாலம். இங்கிருந்து கீழே ஆறு வளைந்து வளைந்து போகிற ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் அருவி நின்ற இடம். எரிமலைப் பாறையில் உள்ள வெடிப்புகளை அரித்து அரித்து அருவி பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, சிம்பாப்வேப் பக்கத்து நுனியில் அடுத்த வெடிப்பைத் தோண்டத் தொடங்கிவிட்டது. ஹெலிகொப்டரில் பதினைந்து நிமிடம் பறந்து இதைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கால்தான் மலிவு.

பபூன்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் குரங்கு மாதிரி இல்லை, நாய் அளவு, பயமில்லை. கிழக்குப் பக்கப் பாதையில் வாங்கில் இருந்து பையைத் திறந்தேன், அம்மா கட்டித் தந்த பருத்தித்துறை வடை உள்ளே. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, ஒரு கை வந்து பைக்கற்றைப் பிடித்தது, நானும் இழுத்தேன், அது பல்லைக் காட்டியது, நான் விட்டுவிட்டேன். மூன்று மீற்றர் தள்ளி இருந்து பைக்கற்றை நடுவால் கிழித்து ஒரு வடையை முகர்ந்து, கடித்து, உறைப்பு ஏறியதும் தலையை உதறி, அப்புறம் அடுத்ததை எடுத்தது. அக்காவின் மகன் சிரித்து முடிய அரை மணித்தியாலம். ஆகவே, பூங்காவுக்குள் சாப்பாட்டைக் கையில் எடுக்கவேண்டாம், பையைச் சிப் இழுத்து நெஞ்சுப் பக்கம் போடுங்கள், இழுபறிக்குப் போகவேண்டாம், கடிபட்டால் விசர்நாய்க்கடி ஊசி வரை போகும்.

பின்னேரம் நேரமிருந்தால் ஊருக்குள் லிவிங்ஸ்டன் நூதனசாலை. 1934இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. லிவிங்ஸ்டனின் கடிதங்கள் இருக்கின்றன, ஒரு மணித்தியாலம் போதும். பக்கத்தில் கைவினைக் கடைகள். பாம்பு உடலும் மீன் தலையுமாக ஒரு உருவம் எல்லாக் கடையிலும் தொங்கும், நியாமிநியாமி, தொங்கா சனத்தின் ஆற்றுத் தெய்வம். ஐம்பதுகளில் கரிபா அணை கட்டியபோது தெய்வத்தையும் அதன் மனைவியையும் அணை பிரித்துவிட்டதாம், அந்தக் கோபத்தில்தான் 1957இலும் 1958இலும் வெள்ளம் வந்து வேலையை அடித்துக்கொண்டு போனதாம். அணைத் தண்ணீருக்காக ஏறக்குறைய 57,000 பேரைச் சொந்த இடத்தில் இருந்து எழுப்பினார்கள். கடைக்காரர் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார், லொறியில் ஏற்றும்போது கோழிக்கூட்டை விட்டுவிட்டு வந்தேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாவாம். எங்கள் அம்மம்மா தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் விட்டுவிட்டு வந்த பசுவைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது, அதன்பிறகு விலை பேச மனம் வரவில்லை. உங்களுக்கு அப்படி இல்லையென்றால் பேசுங்கள், சொன்ன விலையில் பாதியில் தொடங்கலாம், அவர்கள் கோபிக்கமாட்டார்கள். மரச்சாமானில் பட்டையோ புழு ஓட்டையோ இல்லாமல் பார்த்து வாங்குங்கள், யானைத்தந்தம் என்று யாராவது காட்டினால் திரும்பிப் பார்க்காமல் நடவுங்கள்.

விலை கேட்கமுதல் சுகம் விசாரிக்கவேண்டும், இது அங்கே கட்டாயம் மாதிரி. முலி ப்வாஞ்சி என்றால் எப்படி இருக்கிறீர்கள். நன்றிக்கு அந்தப் பக்கத்துத் தொங்கா மொழியில் துவாலும்பா. நேரே எவ்வளவு என்று கேட்டால் முகம் சுருங்கிப்போகும்.

சாப்பாடு

நிஷிமா என்பது சோளமாவில் கட்டியாகக் கிளறிய வெள்ளைக் களி, பாலத்துக்கு அந்தப் பக்கம் அதற்கே சட்சா என்று பெயர். கை கழுவத் தண்ணீரும் சட்டியும் மேசைக்கே வரும். சூடாக ஒரு கவளம் பிய்த்து உள்ளங்கையில் உருட்டி, பெருவிரலால் நடுவில் ஒரு குழி வைத்து, அதில் கறியை அள்ளி வாயில் போடவேண்டும். கையால் சாப்பிடுகிற சனம் நாங்கள், ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். கபெந்தா என்று ஒரு சின்ன மீன் கருவாடு தக்காளி, வெங்காயத்தோடு பொரித்து வரும், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நெத்தலிக் கருவாடு. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்கள் இஃபிசாஷி கேளுங்கள், கீரையை அல்லது பூசணி இலையைக் கச்சான் மாவில் அவித்தது. அதற்கு ஒரு கரண்டி எங்கள் கறித்தூள் போட்டிருந்தால் எப்படியிருக்கும் என்று சாப்பிட்டு முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். சுற்றுலாக்காரர் உணவகங்களில் இது கிடைப்பது குறைவு, கிடைத்தாலும் மூன்று மடங்கு விலை. சந்தைப்பக்கம், மதியம், ஊழியர்கள் சாப்பிடுகிற கடையாகப் பார்த்துப் போங்கள். தண்ணீர் மட்டும் போத்தல்.

ஞாயிற்றுக்கிழமை: அந்தக் கரை

எல்லை விடிய ஆறு மணிக்குத் திறக்கும். விசா கையில் இருந்தால் அருவி வாசல் வரை நடந்தே போகலாம், பாலத்தின் மேலால், இரண்டு காரியாலயத்திலும் முத்திரை குத்திக்கொண்டு. பைகளைக் குறைத்துக்கொண்டு போங்கள். சிம்பாப்வேப் பக்கம் கட்டணம் கூட, 50 டொலர் மட்டில் ஆயத்தமாக வையுங்கள். உள்ளே அருவிச் சாரலில் நனைந்தே வளர்ந்த ஒரு சிறு மழைக்காடு, அதற்குள்ளால் பாதை. மேற்கு நுனியில் லிவிங்ஸ்டன் சிலை நிற்கிற இடத்தில் தொடங்கி, டெவில்ஸ் கற்றரக்ற் என்ற மேற்கோர வீழ்ச்சி முதல் கிழக்கு நோக்கி ஒவ்வொரு காட்சித்தளமாக நடவுங்கள். பிரதான அருவிக்கு முன்னால் குறைந்தது இருபது நிமிடம் சும்மா நில்லுங்கள், சாரல் ஒதுங்கித் திறந்து மூடும், திறக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் வந்தது. கடைசித் தளத்தில் கைப்பிடி வேலி கிடையாது, கல் வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடியுங்கள்.

இன்னொரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் அதை போட்ஸ்வானாவின் சோபே பூங்காவுக்குக் கொடுங்கள். 2021இல் திறந்த கசுங்குலா பாலத்தால் போய் ஒரே நாளில் திரும்பலாம், யானைகளைக் கூட்டம் கூட்டமாகக் காணலாம். விசா கணக்கு மறுபடியும் பார்க்கவேண்டும். இல்லாதவர்கள் லிவிங்ஸ்டனிலேயே இருக்கிற சிறு பூங்காவில் துவக்குக்காரக் காவலர்களோடு நடந்துபோய் வெள்ளைக் காண்டாமிருகம் பார்க்கலாம், அங்கே சிங்கம் சுற்றுவதில்லை என்பதால்தான் நடக்க விடுகிறார்கள். இருட்டியபிறகு ஊருக்குள்ளும் அருவி வீதியிலும் நடக்கவேண்டாம், டாக்சி பிடியுங்கள். காரணம் கள்ளர் மட்டுமல்ல, யானை வீதிக்கு வரும்.

திங்கள் விடிய லுசாக்கா பஸ். ஊருக்கு வந்தபிறகு குளிசையை முடியும்வரை போடுங்கள், மலேரியா அலுவலகத்தில் போய் இரத்தம் கொடுத்துச் சோதியுங்கள், ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும் வைத்தியரிடம் முதல் வாக்கியமாகவே ஆபிரிக்கா போய்வந்தேன் என்று சொல்லுங்கள். நுளம்பு எங்கள் ஊரிலும் இருக்கிறது, கிருமி மட்டும்தான் இல்லை. எனக்கு விரல் குத்தி இரத்தம் எடுத்தவர் எங்கே போனீர்கள் என்று கேட்டார். சாம்பியா என்றேன். தனக்கும் அந்த நாட்டில் படிப்பித்த ஒரு பெரியப்பா இருந்தவர் என்றார், அவரும் மழையைப் பற்றித்தான் சொல்லுவாராம்.